வெயில் படாத இடம்

மார்கழிக் கடைசியில் வெள்ளவத்தைக் காலி வீதியில் நிற்கிறவருக்கு, எதிரே வருகிற குடும்பம் எந்த நாட்டில் இருந்து வந்திறங்கியது என்று பேச்சுக் கேட்காமலே தெரிந்துவிடும். கனடாக்காரர் வெயிலைக் கண்டதும் முகத்தை நிமிர்த்துவார்கள். லண்டன்காரர் ஜாக்கெட்டைக் கழற்றி இடுப்பில் கட்டுவார்கள். அவுஸ்திரேலியாக்காரர் மட்டும் ஓட்டோவில் இருந்து காலை வெளியே வைக்குமுன் தொப்பியைத் தேடுவார்கள்.

சந்தைப் பக்கத்துப் பார்மசி ஒன்றில் அப்படியொரு குடும்பம். தாய்க்கு நாற்பது வயதிருக்கும். மகனுக்கு ஏழெட்டு. பிடரியை மூடும் துணி தொங்குகிற தொப்பி, மூக்கில் வெள்ளைப் பூச்சு. கூட வந்த அம்மம்மா உள்ளூர்க்காரி. கையில் கீரைக் கட்டோடு நிற்கிறார்.

"தம்பி, சன்ஸ்கிறீன் இருக்கோ? ஐம்பதுக்கு மேல போட்டது."

கடைப் பெடியன் திறப்பை எடுத்துக் கண்ணாடி அலுமாரியைத் திறக்கிறான். விலை கூடிய சாமான் எல்லாம் அந்தத் தட்டில்தான். அதற்கு நேர் கீழே, பூட்டில்லாத தட்டில், முகத்தை வெளுக்கப் பண்ணும் கிறீம்கள். 2020இல் பெயரில் இருந்த 'ஃபெயார்' என்பதை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று வைத்துக்கொண்ட பழைய கிறீமும் அங்கேதான் இருக்கிறது. பெயர்தான் மாறியது, தட்டு மாறவில்லை.

அம்மம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "எங்கட தோலுக்கு உது என்னத்துக்குப் பிள்ளை? வெள்ளைக்காரனுக்கெல்லோ வெயில் ஒத்துக்கொள்ளாது."

"பள்ளிக்கூடத்தில தொப்பி இல்லாட்டி விளையாட விடமாட்டினம் அம்மா. அவனுக்குப் பழகிப்போச்சு. நாங்களும் வருசத்துக்கு ஒருக்கா உடம்பெல்லாம் காட்டிறனாங்கள். போன முறை என்ர முதுகில ஒரு மச்சத்தை வெட்டி எடுத்து அனுப்பினவை. ஒண்டுமில்லை எண்டு வந்திட்டுது."

"ஒண்டுமில்லாததை ஏன் வெட்டினவை?"

மகள் பதில் சொல்லவில்லை. விலைச்சீட்டைப் பார்த்து வாய்க்குள் டொலருக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

அம்மம்மா சொன்னதைப் பழங்காலப் பேச்சென்று தள்ள முடியாது. கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகை வடக்கே கிடக்கிறது; மெல்பேர்ண் முப்பத்தெட்டுப் பாகை தெற்கே. ஆண்டு முழுவதும் எடுத்துப் பார்த்தால் வெயிலின் உக்கிரம் இங்கேதான் கூட. ஆனாலும் மெலனோமா, அதாவது தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்களில் தொடங்கும் அந்தப் பொல்லாத புற்று, உலகத்திலேயே அதிகமாக வருவது அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும். குளிர்நாட்டுத் தோலோடு கப்பலேறிப் போனவர்களின் வழித்தோன்றல்கள் கடற்கரையில் கிடந்து வாங்கிக்கொண்டது அது. 1981இல் விக்டோரியா மாநிலப் புற்றுநோய்ச் சபை ஒரு கடற்பறவையைத் தொலைக்காட்சியில் ஆடவிட்டு, சட்டையைப் போடு, கிறீமைப் பூசு, தொப்பியை வை என்று பாட வைத்தது. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று பெற்றோரும் அதிபர்களும். எங்கள் பெடியனின் தலையில் தொப்பி ஏறியது அந்த வழியாகத்தான்.

கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் நிறக்கலங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. அவை செய்கிற மெலனின் பொதிகள் பெரிதாகவும் பரவலாகவும் கிடப்பதில்தான் வித்தியாசம். 1979இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தபோது, ஆபிரிக்க வம்சாவளியினரின் மேற்றோல் தானாகவே 13 என்ற எண் போட்ட சன்ஸ்கிறீன் அளவுக்கு வெயிலைத் தடுத்தது. வெள்ளையரின் தோல் 3க்குச் சற்று மேலே. அம்மம்மாவின் தோல் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். அவர் கீரைக் கட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கிய விதத்தில் அந்த நம்பிக்கை இருந்தது.

இந்தப் பேச்சு நடக்கையிலேயே பக்கத்தில் இன்னொருவர் வந்து நின்றார். அறுபது தாண்டிய ஐயா. வெள்ளைச் சேட், மடிப்புக் குலையாத கறுத்தக் காற்சட்டை, காலில் மட்டும் பாட்டா. இடது பாட்டாவின் முன்பக்கத்தில் ஒரு குற்றியளவு ரப்பரைப் பிளேட்டால் வட்டமாக வெட்டி எடுத்திருந்தார், அந்த இடம் நிலத்தில் அழுந்தாமல் இருக்க.

"ஆணிக்குப் போடுற பிளாஸ்டர் தாரும் தம்பி. போன முறை தந்ததே."

"ஐயாவுக்குச் சீனி இருக்கோ?"

"இருக்கு. அதுக்குப் பெரியாஸ்பத்திரியில மருந்து எடுக்கிறன்."

"அப்ப பாத்துப் போடுங்கோ."

பார்த்துப் போட அவரால் முடியாது. அந்த வயதில் தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பதென்றால் கதிரையில் இருந்து, முழங்காலை மடக்கி, மற்றத் தொடையில் தூக்கி வைத்து, மூக்குக்கண்ணாடியையும் தேடிப் போட்டாக வேண்டும். விரலால் தடவித்தான் அவர் தன் ஆணியை அறிந்திருப்பார். பெடியனும் அவர் காலைப் பார்க்கவில்லை. இடையில் கண்ணாடி மேசை இருந்தது. எட்டிப் பார்ப்பது மரியாதையுமில்லை.

அது ஆணியாகத்தான் இருக்கும். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் எங்களைப் போன்ற தோலில் மெலனோமா அபூர்வமாக வந்தால், அது விரும்பி இருக்கிற இடமும் அதுவே: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி. அமெரிக்க நோயியலாளர் ரிச்சர்ட் ரீட் இதைத் தனி வகையாகப் பிரித்து எழுதியது 1976இல். இதற்கும் வெயிலுக்கும் உறவு கிடையாது. உடம்பிலேயே வெயில் படாத இடம் உள்ளங்கால் என்பதை நினைத்தால் இது தெரிந்த விசயம்தான். வெள்ளையருக்கும் இது வருகிறது, ஏறக்குறைய எங்களுக்கு வருகிற அதே அளவில். அவர்களுக்கு வெயிலால் வருகிற மற்ற வகைகள் மலைபோல் இருப்பதால் இது அந்தக் கணக்கில் தெரிவதில்லை. எங்களுக்கு மற்றவை இல்லாததால் இதுவே மிஞ்சி நிற்கிறது.

வெளியே தரித்து நின்ற ஓட்டோவின் பின்கண்ணாடியில் பொப் மார்லி சிரித்துக்கொண்டிருந்தார். சிவப்பு, மஞ்சள், பச்சை. இந்த நகரத்தில் பிள்ளையாருக்கும் புத்தருக்கும் அந்தோனியாருக்கும் அடுத்தபடியாக ஓட்டோக்களில் இடம்பிடித்தவர் அவர்தான். படத்தை ஒட்டுகிற பெடியன்களுக்கு அவர் எப்படிச் செத்தார் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. 1977இல் வலது கால் பெருவிரலில் ஒரு புண். உதைபந்தாட்டப் பைத்தியம் அவருக்கு. மைதானத்தில் அடிபட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். நகத்துக்கு அடியில் இருந்தது மெலனோமா. விரலை எடுக்கச் சொன்னதற்கு, தன் ரஸ்தபாரி மதத்தைக் காட்டி அவர் உடன்படவில்லை. நகப்படுக்கையை மட்டும் வெட்டித் தோலொட்டினார்கள். 1981 மே 11, மயாமியில், வயது 36. அந்தக் கடற்பறவை அவுஸ்திரேலியாவில் பாடத் தொடங்கிய அதே ஆண்டு. பறவையின் பாட்டு மார்லிக்கு உதவியிராது. தொப்பி போட்டிருந்தாலும் அவருக்கு வந்திருக்கும்.

ஓட்டோக்காரப் பெடியன் கொட்டாஞ்சேனையான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலால் பிரேக் மிதிக்கிறான். அவன் பெருவிரல் நகமும் கறுப்பு. பின்சீற்றில் இருந்தபடி பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்ததும் வடிவாகப் பார்க்க முடிந்தது: நகத்தின் அடிக்கரையில் பழைய நிறம் பிறையாக முளைத்திருந்தது, கறுப்பு நுனியை நோக்கித் தள்ளப்பட்டிருந்தது. அடிபட்டுக் கட்டிய இரத்தம் நகத்தோடு சேர்ந்து நகரும். கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீற்றர் அளவில்தான் வளரும். அடியில் இருந்து நுனிக்கு வர ஒரு வருசம், ஒன்றரை வருசம் பிடிக்கும். நகராமல் நிற்கிற கறுப்பும், நாளாக ஆக அகலித்து நகத்தைத் தாண்டித் தோலிலும் ஊறுகிற கறுப்பும் வேறு சாதி. இவனுடையது பந்தடித்த கறுப்பு. பெனடிக்ற்ஸ் கல்லூரிப் பெயர் பொறித்த சாவிக்கொத்து திறப்புத் துவாரத்தில் ஆடியது. அந்தப் பள்ளிக்கூடத்துப் பெடியன்கள் பந்துக்குப் பெயர் போனவர்கள்.

டொக்டர்மாரைச் சனல் பண்ணுகிற இடங்களுக்கும் வெள்ளவத்தைப் பக்கத்தில் குறைவில்லை. மாலையானால் வைத்தியர் ஒருவர் பெரியாஸ்பத்திரியில் இருந்து காரில் வந்து இறங்குவார். அதற்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பே கதிரைகள் நிறைந்துவிடும். தோல் வைத்தியரின் அறைக்கு வெளியே ஒரு தம்பதி. அவர் சப்பாத்தும் சொக்ஸும் போட்டு, கந்தோரில் இருந்து நேரே வந்தவர். கழுத்தில் தேமல். மனைவியின் மடியில் முன்னைய துண்டுகள் அடுக்கிய பொலித்தீன் பை.

"உள்ளுக்குப் போனால் அந்தக் காலையும் ஒருக்காக் காட்டுங்கோ."

"கழுத்துக்கு எண்டுதானே நம்பர் எடுத்தது."

"அதுக்கென்ன, தோல் தானே."

"சப்பாத்தைக் கழட்டி, சொக்ஸைக் கழட்டி... அங்க பின்னால எத்தினை பேர் நிக்கினம் எண்டு பாத்தனீரே? காலுக்கு என்ன, கொப்பளம். புதுச் சப்பாத்து."

"மூண்டு மாசமாப் புதுச் சப்பாத்தோ?"

அவர் பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்தார். சுவரில் ஒரு படம், ஏதோ மருந்துக் கொம்பனி ஒட்டியது. ரோசா நிற முதுகு. அதில் மச்சங்கள். ஓரம் ஒழுங்கில்லையா, இரண்டு நிறமா, பென்சில் அழிரப்பரை விடப் பெரிதா என்று கேட்கிற படம். 1985இல் நியூயோர்க்கில் வகுத்த விதி அது. வெள்ளை முதுகுக்கு அருமையான விதி. கதிரைகளில் இருந்த யாருடைய உடம்பிலும் அந்த முதுகு இல்லை. நகமும் உள்ளங்காலும் படத்தில் இல்லை. லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற சிம்பாப்வேயில் பிறந்த மருத்துவ மாணவன், பாடப்புத்தகத்தில் எல்லா நோயும் வெள்ளைத் தோலிலேயே இருக்கிறதே, என் தோலில் இது எப்படி இருக்கும் என்று ஆசிரியர்களிடம் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவர்களையும் சேர்த்துக்கொண்டு 2020இல் கறுத்த தோலுக்கென்று ஒரு கைநூல் கொண்டுவந்தான். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் விட்டுவிட்டதை ஒரு மாணவன் கேள்வி கேட்டுச் செய்விக்க வேண்டியிருந்தது.

கதவு திறந்தது. நம்பரைக் கூப்பிட்டார்கள். நாலு நிமிசத்தில் அவர் வெளியே வந்தார், கையில் தேமலுக்குக் களிம்பு எழுதிய துண்டு. சப்பாத்து நாடா கட்டினபடியே இருந்தது. மனைவி நாடாவைத்தான் முதலில் பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை. லிஃப்ட் வரும் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த நாலு நிமிசத்தை எண்ணாக்கினால் அமெரிக்கப் புள்ளிவிபரம் போல இருக்கும். அங்கே வாழ்நாளில் மெலனோமா வருவது வெள்ளையரில் ஏறக்குறைய 33 பேருக்கு ஒருவருக்கு. கறுப்பினத்தவரில் 1,000 பேருக்கு ஒருவருக்கு. ஆனால் வந்தபின் ஐந்து ஆண்டு தாண்டி இருப்பவர் வெள்ளையரில் நூற்றுக்குச் சுமார் 94, கறுப்பினத்தவரில் சுமார் 70. குறைவாக வருகிறவர்களே கூடுதலாகச் சாகிறார்கள். பரவாமல் தோலோடு நிற்கையில் பிடித்தால் அநேகமாக எல்லாரும் பிழைக்கிறார்கள். ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போனபின் பிடித்தால் மூன்றில் ஒருவர். அலெக்சாண்டர் ப்ரெஸ்லோ என்ற நோயியலாளர் 1970இல் கண்டு சொன்னது இதுதான்: கட்டி எவ்வளவு அகலம் என்பதை விட்டுவிட்டு, நுணுக்குக்காட்டியில் வைத்து எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று மில்லிமீற்றரில் அளந்து பார். ஒன்றுக்குள் என்றால் ஆறுதல். நாலைத் தாண்டினால் கவலை. அந்த மூன்று மில்லிமீற்றரைக் கடக்கிற காலத்தில்தான் பிளாஸ்டர் வாங்குவது, நாடா அவிழ்க்காமல் திரும்புவது எல்லாம் நடக்கிறது.

அதற்காக 94க்கு முன்னால் விழுந்து கும்பிடவும் வேண்டியதில்லை. அம்மம்மாவின் கேள்வி இருக்கிறதே, ஒண்டுமில்லாததை ஏன் வெட்டினவை என்று, அதை அமெரிக்க வைத்தியர்களே 2021இல் ஒரு பெரிய மருத்துவ இதழில் கேட்டார்கள். நாற்பது ஆண்டில் மெலனோமா என்று முத்திரை குத்தப்படுகிறவர் தொகை ஆறு மடங்காகிவிட்டது. சாகிறவர் தொகை பெரிதாக அசையவில்லை. தேடித் தேடி வெட்டினால், விட்டிருந்தால் ஒருபோதும் கொல்லாத மச்சமும் புற்றென்று பதிவாகும். அதன் சொந்தக்காரரும் பிழைத்தவர் கணக்கில் ஏறுவார். ஆக அந்த 94இல் கொஞ்சம் காற்றும் இருக்கிறது. ஆனால் காற்றைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தாலும் இடைவெளி மூடவில்லை. உள்ளங்கால், நக வகை மெலனோமாவை மட்டும் எடுத்து அமெரிக்காவில் 2009இல் பார்த்தபோது ஐந்தாண்டுப் பிழைப்பு 80. எல்லா மெலனோமாவையும் சேர்த்தால் 91. 2018இல் லான்செட்டில் வந்த கொன்கோர்ட் ஆய்வு 71 நாடுகளை அளந்தது. அவுஸ்திரேலியாவும் அமெரிக்காவும் 90ஐத் தாண்டி நிற்க, சீனாவும் தாய்வானும் 60க்கு மேல் ஏறவில்லை. அங்கும் இதே உள்ளங்கால் கதைதான், அதோடு பிந்திப் போகிற கதையும்.

இலங்கையில் புற்று என்றாலே ஆண்களுக்கு வாய், பெண்களுக்கு மார்பு. வெற்றிலைத் தட்டங்களும் மார்புப் பரிசோதனைச் சுவரொட்டிகளும் அதனால் கண்ணில் படுகின்றன. மெலனோமா முதற் பத்து நோய்களிலும் இல்லை. அரியது என்பதே அதற்குக் கிடைத்த மறைவிடம்.

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை. வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போனால், கோவிலின் பின்வரிசையில் இருக்கிறவருக்கு அந்தோனியாரின் முகம் சரியாகத் தெரியாது. முழங்காலில் நிற்பவர்களின் உள்ளங்கால்கள் தெரியும். கத்தோலிக்கர், சைவர், பௌத்தர் என்று எல்லாரும் வருகிற கோவில். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்தபின் யார் எவரென்று காலைப் பார்த்துச் சொல்ல முடியாது. தொழில் சொல்லலாம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் குதி வெடிப்புகளுக்குள் கறுப்பு நிரந்தரமாகக் குடியேறியிருக்கிறது. சொக்ஸின் வரிப்பதிவு மாறாத வெளிறிய கால்கள் ஒரு வங்கிப் பிள்ளையுடையவை. ஒரு பெண்ணின் காலில் பழைய துணிக்கட்டு, ஓரம் மஞ்சள். சீனிப் புண்ணாக இருக்க வேண்டும். சீனிப் புண் என்று மாதக்கணக்காகக் கட்டுப்போட்டதன் கீழே மெலனோமா இருந்த கதைகள் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. சிலவேளை அது கறுப்பாகக்கூட இருப்பதில்லை, சிவந்த சதையாகக் கிடந்து ஏமாற்றும்.

மூன்றாவது வரிசையில் ஒரு கிழவி. பக்கத்தில் பேத்தி, பதினாறு பதினேழு வயது, சாமத்தியச் சங்கிலி. கிழவியின் இடது உள்ளங்காலில், குதிக்கும் விரல்களுக்கும் இடையில் ஒரு கரும்படை. நடு நல்ல கறுப்பு, ஓரம் தேத்தண்ணிச் சாயம், ஒரு பக்கம் விரல் நோக்கி இழுபட்டு. பேத்தி செபப்புத்தகத்தில் கண் வைத்திருந்தவள், ஏதோ நினைத்துத் திரும்பியபோது கண்டுவிட்டாள். லேஞ்சியை எடுத்து, நுனியை எச்சில் தொட்டு, துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள்.

"என்னடி செய்யிற? நவநாள் நடக்குது."

"அம்மாச்சி, கால்ல என்ன இது?"

"தாராயிருக்கும். ரோட்டுப் போடுறாங்கள்."

"தார் இல்ல."

கிழவி காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். அது என்னவென்று பின்வரிசையில் இருந்து யாராலும் சொல்ல முடியாது. கறுத்தவர்களின் உள்ளங்காலில் பழுப்புப் புள்ளிகள் இருப்பது வழமை, அநேகமானவை சாகும்வரை சும்மா கிடப்பவை. முன்பின் தெரியாத கிழவியின் காலுக்குக் கருத்துச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை என்றுதான் நானும் இருந்தேன். பேத்திக்கு உரிமை இருந்தது. மன்றாட்டு முடிந்து எல்லாரும் எழும்புகிற சந்தடியில் அவள் சேலைக்கரையைக் கொஞ்சம் தூக்கி, போனைப் பிடித்து, ஒரு படம் எடுத்தாள். கைப்பைக்குள் இருந்த ஐந்து ரூபாய்க் குற்றியைப் பக்கத்தில் வைத்து இன்னொன்றும் எடுத்தாள். அளவுக்காக. இந்தக் காலத்துப் பிள்ளைகளைக் குறை சொல்வதை ஒரு கிழமைக்காவது நிறுத்தி வைக்கலாம்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் லொட்ஜ்கள் இருக்கின்றன. கல்யாணத்துக்கு வருகிறவர், விசாவுக்கு வருகிறவர், மகரகமவுக்கு வருகிறவர் என்று அங்கே மூன்று சாதி மனிதர். மகரகம என்றால் அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரி. ஊரைச் சொன்னால் நோயும் விளங்கும். 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசில் தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி எழும்பியபின் வடக்கில் இருந்து வருகிறவர் தொகை குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. விடியக் கிருலப்பனைக்குப் போய் 138 பிடித்தால் கிளினிக்குக்கு நேரத்துக்குப் போகலாம். வைத்தியம் இலவசம். லொட்ஜ் வாடகையும் பஸ்காசும் கூட வருகிறவரின் சாப்பாடும் இலவசமில்லை.

பொதுவாகக் கதிரை போட்ட முன்விறாந்தையில் ஒரு மட்டக்களப்பார், சாரத்தை முழங்கால் வரை ஒதுக்கியபடி. கெண்டைக்காலில் சிறுவயதில் குப்பி விளக்குச் சரிந்து எரிந்த தழும்பு. நாற்பது வருசம் பேசாமல் கிடந்த தழும்பில் இப்போது ஆறாத புண். தீத்தழும்பில் வருகிற இந்தப் புண்ணைப் பிரெஞ்சு வைத்தியர் மார்ஜொலின் 1828இல் எழுதி வைத்ததால் அவர் பெயரே அதற்கு. புற்றாக மாறினால் வெயிலால் வருகிறதைவிட முரட்டுத்தனமானது. காஷ்மீரில் வயிற்றோடு கட்டுகிற கங்ரிக் கணப்புச் சட்டியால் வருவதும், வேட்டியும் பாவாடை நாடாவும் வருசக்கணக்காக இடுப்பை உரசி வருவதும் இதன் சொந்தக்காரர்கள். எங்கள் பக்கத்துத் தோற் புற்றுக்கு வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை, வீட்டைப் பார்த்தால் போதும். குப்பி விளக்குக்கு மாற்றாக, சரிந்தாலும் உருளாத தட்டை விளக்கொன்றைச் செய்து ஊரூராகப் பரப்பியதற்கு வைத்தியர் விஜய கொடகும்புர 1998இல் ரோலெக்ஸ் விருது வாங்கினார். எரிகாயத்துக்குத்தான் அந்த விளக்கு. எத்தனை காலில் புற்றையும் சேர்த்துத் தடுத்ததோ.

அவருக்கு எதிரே திருகோணமலை அன்ரி. ஐம்பத்தைந்து வயதிருக்கும், நன்றாகக் கதைப்பார். வலது கையில் பெருவிரலின் மேற்கணு இல்லை. தேத்தண்ணிக் கோப்பையை மற்ற நாலு விரலாலும் அடிக்கட்டையாலும் பிடிக்கப் பழகிவிட்டார், சிந்துவதில்லை. புதிதாக வந்த யாரோ கேட்க, கதை தொடங்கியது.

"முதல் ஒரு கோடு. நகத்தில நெடுக்க, மண்ணிறமா. ஆர் கணக்கெடுத்தது? பிறகு கோடு தடிச்சுது. பிறகு நகம் பிளந்து நீர் வடிஞ்சுது. நகச்சுத்து எண்டு சனம் தேசிக்காய் குத்தச் சொல்லிச்சு. ஒரு மரத்துத் தேசிக்காய் முழுக்க என்ர விரலுக்குத்தான். ஊறுகாய் போடக் காயில்லை."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும்.

"பிறகு பூஞ்சணம் எண்டு குளிசை தந்தவை, மூண்டு மாசம். கடைசியில ஒரு சின்ன டொக்டர்ப் பிள்ளை, நேற்றுப் படிச்சு வந்தவள், நகத்தை விட்டிட்டு நகத்தடித் தோலைப் பாத்தாள். இஞ்ச கறுப்பு ஊறியிருக்கு அம்மா, இண்டைக்கே துண்டு தாறன் எண்டு எழுதினாள். பயொப்சி எடுத்தவுடன பிடிச்சிட்டினம்."

அந்தச் சின்ன டொக்டர்ப் பிள்ளை பார்த்த அடையாளத்தை முதலில் எழுதியவர் லண்டன் சத்திர வைத்தியர் ஜொனதன் ஹட்சின்சன், 1886இல். அவரும் நகச்சுத்தோடு சேர்த்துத்தான் அதற்குப் பெயர் வைத்தார். ஏமாறுவதில் லண்டனும் திருகோணமலையும் ஒன்றுதான் போலிருக்கிறது. நகத்தில் கோடு விழுந்தவரெல்லாம் பயப்படவும் தேவையில்லை. எங்கள் நிறத்தில் பல நகங்களில் கோடு விழுவது சாதாரணம். ஒரே ஒரு நகத்தில், அதுவும் பெருவிரலில், புதிதாக வந்து அகலிப்பதுதான் காட்ட வேண்டிய கோடு.

"இப்ப நல்ல ஊசியெல்லாம் வந்திருக்காம்" என்றார் மட்டக்களப்பார்.

வந்திருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அவிழ்த்துவிடுகிற அந்த வைத்தியத்துக்கு வழி திறந்த ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹொஞ்சோவுக்கும் 2018இல் நோபல் கிடைத்தது. வெயிலால் வந்த மெலனோமாவில் மரபணுப் பிழைகள் ஏராளம். அதனால் எதிர்ப்புக் கலங்களுக்கு அதை அந்நியன் என்று அடையாளம் காண இலேசு. உள்ளங்காலிலும் நகத்திலும் வருவதில் பிழைகள் குறைவு, அடையாளமும் குறைவு. ஊசி அந்த அளவுக்குக் கேட்பதில்லை. விலையோ வீடு விற்கிற விலை. 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது சாதாரணப் புற்றுமருந்துக்கே தட்டுப்பாடு வந்ததை விறாந்தையில் இருந்த எல்லாரும் கண்டவர்கள். கத்தி நேரத்துக்குப் போவதுதான் இங்கே மலிவான மருந்து.

அன்ரி ஊசிப் பேச்சில் அக்கறை காட்டவில்லை. லொட்ஜுக்கு யார் வந்தாலும் பெயர், ஊர் கேட்டு முடிந்ததும் கையை நீட்டச் சொல்கிறார். மேசன் வேலைக்காரரும் நீட்டினார், சீமெந்து நகங்களை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து விட்டார். விசாவுக்கு வந்த பெடியன் வெட்கப்பட்டு நீட்டினான். மாடிப்படியில் இறங்கி வந்த ஒரு பெண்பிள்ளையைத் தடுத்தார். கையிலும் காலிலுமாக இருபது நகமும் பொருந்தக் கடும் சிவப்பு.

"கியூடெக்ஸை அழிச்சுப்போட்டு வா பிள்ளை. கால்விரலும்."

"ஐயோ அன்ரி, நாளைக்கு அக்கான்ர கல்யாணம். இப்பதான் பூசினது."

"அப்ப நாளண்டைக்கு வா. மறந்திடாத. நான் வெள்ளிக்கிழமை கிளினிக் முடியும் மட்டும் இங்கதான்."